எண்பத்து நான்காவது கோபுரம்

டிசம்பரில் ஃபின்மார்க்கில் நண்பகல் என்பது
தெற்கு விளிம்பில் கொஞ்சம் நீலம் கசிவது.
மற்றதெல்லாம் இரவு.
மின்தடத்தில் என் பொறுப்பு
நூற்றுப் பன்னிரண்டு கோபுரங்கள்.
எண்பத்து நான்காவதின் கீழே
பனிவண்டியை அணைத்துவிட்டுக்
காப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன்.
அது வந்தது.

வந்தது என்பதுகூடத் தவறு.
முன்பு இல்லை, பிறகு இருந்தது.
முட்டைக் கருவின் மஞ்சள்.
முழுநிலவில் பாதி அளவு, அல்லது
பக்கத்தில் என்றால் ஒரு பந்து.
எவ்வளவு பக்கம் என்று கேட்காதீர்கள்,
பனிவெளியில் தொலைவைப் பிடித்து அளக்க
ஒரு மரம்கூட இல்லை.
சத்தமில்லை.
காற்றுக்கு எதிரே நகர்ந்தது, நின்றது,
யோசிப்பதுபோல் நின்றது
(யோசிப்பதுபோல் என்பதை அடித்துவிடுங்கள்,
அது நான் சேர்த்தது).
பிறகு வெறும் வானம்.
காப்பியின் மேல் பனி ஏடு கட்டியிருந்தது.

ஏழு நிமிடம் என்றேன் நான்.
இரண்டு என்றாள் ரிஸ்டென்.
மேட்டின் மேல் முந்நூறு துருவ மான்களோடு நின்றவள்
சறுக்குக் கட்டைகளில் இறங்கி வந்திருந்தாள்.
சாட்சி கிடைத்த சந்தோஷத்தில்
மான்கள் மிரண்டனவா என்று கேட்டேன்.

"தலையே நிமிரவில்லை.
பனியைக் கிளறிப் பாசி தின்றுகொண்டிருந்தன."
பிறகு முகவாயால் என் கம்பிகளைக் காட்டினாள்.
"அவற்றுக்குப் பயம் இதன்மேல்தான்.
மூன்று குளிர்காலமாகக் கடக்க மாட்டேன் என்கின்றன.
கம்பெனிக்குக் கடிதம் போட்டேன்.
இருட்டில் கம்பி கண்ணுக்கே தெரியாது,
மான் அஞ்ச முகாந்திரமில்லை என்று பதில்."

அந்தப் பதிலை எழுதியவன் நான்.

முதுகுப் பையில் ஒரு கேமரா உண்டு.
ஊதாவுக்கு அப்பால் இருப்பதை அது காணும்.
விரிந்த பீங்கான், கசியும் மின்சாரம்,
இவற்றைப் பிடிக்கக் கொடுத்தது.
பத்து வருடமாக அதில் கண் வைத்துப்
பழுதுகளை எண்ணி எழுதியிருக்கிறேன்.
மானின் கண்ணும் அதுவும் ஒரே சாதி என்று
எங்கோ படித்தது
அப்போதுதான், அவள் முன்னால்தான்,
உறைத்தது.

எடுத்து நீட்டினேன்.
கையுறையைக் கழற்றி வாங்கினாள்.
கம்பி நெடுக
வெள்ளை வெள்ளையாய் வெடித்து அணைந்து வெடித்து
கோபுரத்துக்குக் கோபுரம் தாவி
மலை தாண்டிக் கடல்வரை
ஓயாமல்.
இரவும் பகலும் நான் ஏற்றி வைத்திருக்கும் தீ.
வெகுநேரம் பார்த்தாள்.
விரல் வெளுத்தும் கொடுக்கவில்லை.

"போன வருடம் ஒன்றை அடித்தேன்," என்றாள்.
"முன்னத்தி மான். இதே இடம்.
காலை ஊன்றிக்கொண்டு வரமாட்டேன் என்றது."

வேறொன்றும் சொல்லவில்லை.
கேமராவைத் தந்துவிட்டு
மேடேறப் போனவள் திரும்பி,
"அந்த மஞ்சளை இதில் பார்த்தீர்களா?" என்றாள்.
இல்லை.
பை என் முதுகில்தான் இருந்தது.
வாய் பிளந்து நின்றவனுக்குக்
கை இருப்பது மறந்துவிட்டது.

ஜனவரியில் விமானப்படையின் படிவம் வந்தது.
வடிவம், உயரம், திசை.
நிறத்துக்கு ஏழு கட்டங்கள்.
அங்கே இருந்தோர் எண்ணிக்கை என்ற இடத்தில்
முந்நூற்று இரண்டு என்று நிரப்பினேன்.
பார்த்தவர்கள்: இருவர்.
போடோவிலிருந்து தொலைபேசினார்
ஹால்டிஸ் என்ற அதிகாரி.
"அந்தப் பொட்டலில் முந்நூறு பேரா?
மற்றவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?"
"சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்," என்றேன்.
கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும்.
"பொருத்தமில்லை என்று போட்டுக்கொள்கிறேன்."

என் பழைய பதிலை ரத்துசெய்யக் கேட்டு
எழுதியிருக்கிறேன். பரிசீலனையில் இருக்கிறதாம்.

மஞ்சள் என்னவென்று தெரியாது.
எவருடைய தடத்தில் எது கசிந்ததோ.
அதையும் யாரோ கீழே
பழுது என்று எண்ணிக் குறித்திருக்கலாம்.
இப்போதெல்லாம் எண்பத்து நான்கில்
விளக்கை அணைத்துக் கேமராவைக் கையில் வைத்துக்
காத்திருக்கிறேன்.
வரவில்லை.
தலைக்கு மேல் கம்பி சீறுகிறது,
எண்ணெயில் ஈரம் பட்டாற்போல.
அந்தச் சத்தம்வரைக்கும் எனக்கு எட்டுகிறது.
மேட்டில் மான்கள் நிற்கின்றன,
என்னைத் தாண்டி எதையோ பார்த்தபடி.